வாசலே ஒர்க் ஷாப்! – நம் வீட்டு டூ வீலர் ரிப்பேரின் கதை

"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுப்பா. டெக்னிக்கலா இருந்தா நல்லது, ஆனா எல்லாருக்கும் புரியணும்" என்று சங்கச் செயலாளர் போனில் சொன்னார். நம் கல்லூரியில் படித்த எல்லோருக்கும் பொதுவானது என்ன என்று யோசித்தேன். ஹாஸ்டல் சாம்பார், அரியர் பயம்... இந்த இரண்டுக்கும் அடுத்தபடி டூ வீலர்தான்! ஆகவே, வீட்டு வாசலில் நாமே வண்டியைப் பிரித்துப் பழுது பார்த்த காலத்தின் சரித்திரத்தை எழுதத் துணிந்தேன். சீனியர்கள் பிழை பொறுக்கவும்.

என் அப்பா தபால் இலாகாவில் இருந்தார். எங்களிடம் 150 சி.சி. டூ ஸ்ட்ரோக் ஸ்கூட்டர் ஒன்று இருந்தது. 1996 வாக்கில் எனக்கு எட்டு வயது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் பழைய பேப்பரை விரித்து, அதன் மேல் ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளேயர், உப்புத்தாள் எல்லாவற்றையும் அப்பா வரிசையாக அடுக்குவார். டார்ச் பிடிப்பது என் உத்தியோகம். "டார்ச்ச என் மூஞ்சில அடிக்காதடா, பிளக்ல அடி!" – நான் கற்ற முதல் எஞ்சினியரிங் பாடம் அதுதான்.

வெளிநாட்டில் இதற்கென்று வீட்டோடு ஒரு கராஜ் இருக்கும் என்பார்கள். நமக்கு வாசல்தான் கராஜ், வேப்பமரம்தான் கூரை. ஆனால் நம் நாட்டில் நடுத்தரக் குடும்பத்து மனிதர் ஸ்பேனர் பிடித்தது பொழுதுபோக்குக்காக அல்ல. அதற்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது.

1951-இல் வந்த தொழில் வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறைச் சட்டப்படி, எந்தத் தொழிற்சாலை எதை எவ்வளவு தயாரிக்கலாம் என்பதற்கு அரசின் லைசென்ஸ் வேண்டியிருந்தது. தயாரித்த நிறுவனங்களும் கொஞ்சம்தான். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் என்ஃபீல்டு கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை உருவாக்கின. திருவொற்றியூரில் புல்லட் பிறந்தது. 1961-இல் மைசூரில் செக்கோஸ்லோவாகிய ஜாவா மோட்டார் சைக்கிள் தயாராக ஆரம்பித்தது. புனேயில் பஜாஜ் நிறுவனம் இத்தாலியின் வெஸ்பா ஸ்கூட்டரை லைசென்ஸ் பெற்றுத் தயாரித்தது. அந்த ஒப்பந்தம் முடிந்தபின், 1972-இல் அதே வம்சத்தில் வந்தது சேத்தக்.

ஸ்கூட்டர் வேண்டுமானால் பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகும் முன்பே மாப்பிள்ளைக்கு ஸ்கூட்டர் பதிவு செய்தவர்கள் உண்டு! அப்படிக் கிடைத்த வண்டியை "பழசாயிடுச்சு, மாத்திக்கலாம்" என்று யார் சொல்ல முடியும்? இருபது வருஷம் ஓட்டியாக வேண்டும். வீட்டு ரிப்பேர் பிறந்தது இந்தக் கட்டாயத்தில்தான்.

கட்டாயம் மட்டும் இருந்தால் போதுமா? வண்டியும் ஒத்துழைக்க வேண்டுமே! அந்தக் கால எஞ்சினில் கண்ணுக்குத் தெரியாத ரகசியம் குறைவு. பெட்ரோல், காற்று, பொறி ஆகிய மூன்றும் சரியான நேரத்தில் சேர்ந்தால் எஞ்சின் ஓடும். ஓடவில்லை என்றால் மூன்றில் ஒன்று வரவில்லை. அப்பாவின் வரிசை மாறவே மாறாது. முதலில் டேங்க்கில் பெட்ரோல் இருக்கிறதா, காக் திறந்திருக்கிறதா என்று பார்ப்பார். அடுத்து பிளக்கைக் கழற்றி, எஞ்சின் உடம்பில் ஒட்டிப் பிடித்து, கிக்கரை மிதித்துப் பொறி வருகிறதா என்று பார்ப்பார். கார்புரேட்டரில் கை வைப்பது கடைசியில்தான்.

பிளக் ஈரமாக, கறுப்பாக இருந்தால் ஆயில் அதிகம் என்று அர்த்தம். டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குத் தனியாக ஆயில் தொட்டி கிடையாது. லிட்டருக்கு 20 மில்லி என்று பெட்ரோலிலேயே கலந்து ஊற்ற வேண்டும். அது கூடினால் பிளக் அடைக்கும், குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பிளக்கை உப்புத்தாளால் தேய்த்து, ஆக்ஸா பிளேடு நுழையும் அளவுக்கு இடைவெளி வைப்பார் அப்பா. பிளேடின் கனமும் பிளக்குக்கு வேண்டிய இடைவெளியும் ஏறக்குறைய 0.6 மில்லிமீட்டர்தான் என்பது நான் பின்னாளில் அளந்து பார்த்து வியந்தது!

அடுத்தது காண்டாக்ட் பாயிண்ட். ஃப்ளைவீலில் இருக்கும் சின்ன ஜன்னல் வழியாகத்தான் அதைப் பார்க்க வேண்டும். இரண்டு உலோக முனைகள் பிரியும் அந்த நொடியில்தான் பிளக்கில் பொறி விழும். முனைகள் கருகினால் பொறி பலவீனமாகும். தேய்த்துச் சுத்தம் செய்து, சுமார் 0.4 மில்லிமீட்டர் இடைவெளி வைக்க வேண்டும். ஃபீலர் கேஜ் யாரிடம் இருந்தது? கல்யாணப் பத்திரிகையின் அட்டைதான் எங்கள் வீட்டு கேஜ்.

இன்னொரு விஷயமும் உண்டு. அந்த வண்டிகளின் அமைப்பு பல பத்தாண்டுகள் பெரிதாக மாறவில்லை. தொழில்நுட்ப வளர்ச்சிக்கு அது கேடுதான், மறுக்கவில்லை. ஆனால் அதனால் ஒரு நன்மையும் விளைந்தது. அப்பா கற்றது மகனுக்கும் பயன்பட்டது. பக்கத்து வீட்டு மாமாவின் அனுபவம் நம் வண்டிக்கும் பொருந்தியது. தெருவே ஒரு ஒர்க் ஷாப் மேனுவலாக இருந்தது! வண்டி என்றில்லை, மிக்ஸிக்குக் கார்பன் பிரஷ் மாற்றுவதும் அந்த வாசலில்தான் நடந்தது.

நம் கல்லூரி ஐ.சி. எஞ்சின் லேபில் நடந்த வைவா ஞாபகம் வருகிறது. "எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லை. முதலில் எதைப் பார்ப்பாய்?" என்று கேட்டார் வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர். "பெட்ரோல் இருக்கான்னு பார்ப்பேன் சார்" என்றேன். பின்னால் நின்ற நண்பர்கள் சிரித்துவிட்டார்கள். எக்ஸாமினர் சிரிக்கவில்லை. "கரெக்ட். எளியதிலிருந்து ஆரம்பி" என்றார். அந்த மார்க்கில் பாதி அப்பாவுக்குச் சேர வேண்டியது.

பிறகு காலம் மாறியது. 1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்து, மொபெட்டைக் கிராமத்து வாசல் வரை கொண்டு சேர்த்தது. 1985-இல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வந்தது. ஃபோர் ஸ்ட்ரோக் என்பதால் பெட்ரோலில் ஆயில் கலக்கும் வேலை இல்லை. பெட்ரோல் போட்டு மூடிவிட்டு மறந்துவிடுங்கள் என்ற பொருளில் அதற்கு விளம்பரம் செய்தார்கள். 'மறந்துவிடுங்கள்' என்ற அந்த ஒரு சொல்லில் புதிய யுகமே அடங்கியிருந்தது! காண்டாக்ட் பாயிண்ட் போய் எலெக்ட்ரானிக் இக்னிஷன் பரவியது. 1991-க்குப் பின் லைசென்ஸ் கெடுபிடி தளர்ந்தது. காத்திருப்புப் பட்டியல் பழங்கதையானது. 2000 முதல் புகைக் கட்டுப்பாடு படிப்படியாக இறுகி, 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 கட்டாயமானது. பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் விடைபெற்று, ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் அமர்ந்தது.

இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடைத்த சைலன்சரை நெருப்பில் போட்டுக் கார்பனை எரித்தபோது நாங்கள் சுவாசித்த புகை கொஞ்சமா? இன்றைய வண்டியின் புகை அதில் ஒரு சிறு பங்குதான். தவிர, இப்போது என் பிழைப்பே இதில்தான். எஞ்சினுக்குள் எப்போது, எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் கன்ட்ரோல் யூனிட்டுக்கு மென்பொருள் எழுதும் குழுவில் வேலை பார்க்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் அப்பா போன் செய்தார். ரிடையர் ஆனபின் வாங்கிய புது ஸ்கூட்டரில் மஞ்சள் விளக்கு எரிகிறதாம். "என்னடா பண்ணனும்?"

"சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போங்கப்பா. ஸ்கேனர் மாட்டித்தான் பார்க்கணும்."

மறுமுனையில் சிறிது நேரம் மௌனம். "சரிப்பா" என்று வைத்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. டார்ச் பிடித்துக் கற்றுக்கொண்ட பையன், கற்றுக்கொடுத்தவரையே வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டேனே!

மறுநாள் சாயங்காலம் மறுபடியும் போன். "பேட்டரி டெர்மினல் லூஸ்டா. டைட் பண்ணினேன்." ஓரிரு நாள் ஓட்டியதும் விளக்கு தானாக அணைந்துவிட்டது. ஸ்கேனர் இல்லாத அப்பா, எளியதிலிருந்து ஆரம்பித்திருக்கிறார். அவ்வளவுதான்.

பழுது பார்க்கும் உரிமை பற்றி இப்போது உலகெங்கும் பேசுகிறார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012-இலேயே வாகனங்களுக்கு இதைச் சட்டமாக்கியது. நம் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் இதற்கொரு குழு அமைத்தது. வாகனங்களும் விவசாயக் கருவிகளும் அதன் பட்டியலில் உண்டு. நல்ல ஆரம்பம். ஆனால் உரிமை கையில் வரும்போது, அதைப் பயன்படுத்தத் தெரிந்த கையும் வேண்டுமே!

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு வண்டியின் பிளக் எங்கே இருக்கிறது என்று இந்த விடுமுறையில் தேடிப் பாருங்கள். ஏர் ஃபில்டரை நீங்களே ஒருமுறை கழற்றி மாட்டுங்கள். நாளைக்கு நீங்களும் என்னைப் போல ஒரு மூடிய பெட்டியை வடிவமைக்கும் வேலைக்கு வரலாம். அப்போது வாசலில் பேப்பர் விரித்து உட்கார்ந்திருக்கும் ஒரு அப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். பழுது என்னவென்று வண்டி அவரிடமும் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு வழி வையுங்கள். எங்கள் குழுவில் நான் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், இன்னும் முழுதாக ஜெயிக்கவில்லை.

அடுத்த சந்திப்புக்குள் நல்ல செய்தி சொல்ல முயல்கிறேன். அதுவரை வணக்கம். வளர்க நம் கல்லூரி!