ராக்கெட் செய்தவர்களும் நூல் செய்தவர்களும்

நம் மதுரைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் திண்டுக்கல் மலைக்கோட்டை நிற்கின்றது. 1755ஆம் ஆண்டையொட்டி மைசூர் அரசின் பௌஜ்தாராக இங்கு வந்த ஹைதர் அலி, பிரெஞ்சுப் பொறியாளர்களின் துணையுடன் படைக்கலச் சாலை ஒன்றை நிறுவினார். அவருடைய தந்தையார் ஃபத்ஹ் முஹம்மது, ஆற்காட்டு நவாபின் படையில் ஐம்பது ராக்கெட் வீரர்களுக்குத் தலைவராக இருந்தவர் என்பர். எனவே விண்வெளிப் பொறியியல் நூல்களின் வரலாற்றைப் பேசப் புகுவோர் அமெரிக்காவுக்குச் செல்லுமுன் திண்டுக்கல்லில் சற்று நின்று செல்வது பொருத்தமே ஆகும்.

அந்நாளில் இதனைப் 'பாண்' என்றனர். நாம் வாணவேடிக்கையில் காணும் வாணமும் இச்சொல்லின் உறவே. ஆயின் வேடிக்கை வாணத்திற்குக் காகிதக் குழல். மைசூர் பாணத்திற்கு அடித்து வளைத்த இரும்புக் குழல். வேறுபாடு சிறிதெனத் தோன்றினும் பயன் பெரிது. காகிதக் குழல் தாங்காத அழுத்தத்தை இரும்பு தாங்கும். அழுத்தம் மிகுந்தால் விசை மிகும், தொலைவும் மிகும். இலண்டன் மாநகரின் வுல்விச் பகுதியிலிருந்த பீரங்கிப்படை அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்ட மைசூர் ராக்கெட்டுகளுள் ஒன்று சுமார் 10 அங்குல நீளக் குழலுடன் வாளொன்றில் கட்டப்பட்டது. மற்றொன்று 6 அடிக்கும் மேற்பட்ட மூங்கிலில் தோல்வாரினால் பிணைக்கப்பட்டது. 1780 செப்டம்பர் 10ஆம் நாள், காஞ்சிபுரத்தையடுத்த புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை தோற்றபோது, அதன் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றியதற்கு இந்த ராக்கெட்டுகளே காரணம் எனக் கூறப்படுகிறது.

ராக்கெட்டைப் பற்றி எழுதும் மரபு முஸ்லிம் உலகிற்குப் புதிதன்று. சிரியாவைச் சேர்ந்த ஹசன் அர்-ரம்மாஹ் கி.பி. 13ஆம் நூற்றாண்டிலேயே போர்க்கலை பற்றி இயற்றிய அரபு நூலில் வெடியுப்பைச் சாம்பலால் தூய்மை செய்யும் முறையை விளக்கியுள்ளார். அந்நூலிலுள்ள 107 வெடிமருந்துக் கலவைகளில் 22 ராக்கெட்டுக்கு உரியவை என்பது ஆய்வாளர் அஹ்மத் அல்-ஹசனின் கணக்கு.

திப்பு சுல்தானின் ஆணைப்படி ஜைனுல் ஆபிதீன் ஷூஸ்தரி பாரசீக மொழியில் இயற்றியது 'ஃபத்ஹுல் முஜாஹிதீன்'. ஒவ்வொரு 'குஷூன்' படைப்பிரிவுக்கும் 200 ராக்கெட் வீரர் எனும் ஏற்பாடு இதனுடன் தொடர்புடையது. ஆயினும் இது முதன்மையாகப் படை ஒழுங்கைக் கூறும் நூல். குழலை அடித்த கொல்லரும் மருந்தை இடித்துத் திணித்தவரும் தம் கைத்திறனைத் தம் மக்களுக்குக் கைவழியாகவே கொடுத்திருப்பர். அவர்கள் பெயரில் ஓர் ஏடும் நமக்கு வந்து சேரவில்லை.

1799 மே 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. ஆங்கிலேயர் கைப்பற்றியவற்றுள் 600 ஏவுகருவிகள், 700 பயன்படத்தக்க ராக்கெட்டுகள், 9,000 வெற்று ராக்கெட்டுகள் இருந்தனவெனப் பதிவு உள்ளது. சுமார் 2,000 கையெழுத்து நூல்கள் கொண்ட சுல்தானின் நூலகமும் அவர்கள் வசமாயிற்று. அதற்குச் சார்லஸ் ஸ்டூவர்ட் 1809இல் ஓர் அட்டவணை நூலையே வெளியிட்டார். தோற்றவனின் நூலகத்துக்கு வென்றவன் பட்டியல் எழுதினான்!

வுல்விச்சுக்குச் சென்ற மைசூர் ராக்கெட்டுகளைக் கண்ட பின்னரே வில்லியம் காங்கிரீவ் தம் சோதனைகளைத் தொடங்கினார். 1807இல் அவருடைய ராக்கெட்டுகள் கோபன்ஹேகன் நகரை எரித்தன. அவர் செய்துகாட்டியதோடு நில்லாமல் எழுதவும் செய்தார். 1814இலும் 1827இலும் படங்களுடனும் அளவுகளுடனும் அவருடைய நூல்கள் வந்தன. அவற்றுக்கு முன் 1813இல், வுல்விச் இராணுவக் கழகத்தின் கணித ஆசிரியர் வில்லியம் மூர் ராக்கெட்டின் இயக்கத்தைக் கணிதமாகவே ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். எரிபொருள் தீரத் தீர எடை குறையும் பொருள் எவ்வாறு விரையும் என்பதே அவர் எடுத்துக்கொண்ட வினா. ரஷ்யாவின் சியால்கோவ்ஸ்கி 1903இல் விண்வெளிப் பயணத்துக்கு அடிப்படையாக வெளியிட்ட சமன்பாடும் அவ்வினாவுக்குரிய விடையே. பின்னர் 1919இல் அமெரிக்காவின் காடர்டும் 1923இல் ஜெர்மன் மொழியில் ஓபெர்த்தும் எழுதினர். இவ்வரிசையில் ஒரு நூலேனும் மைசூரிலிருந்து வரவில்லை என்பது வருந்தத்தக்கது. கைத்திறனில் நாம் குறைந்தவர்கள் அல்லர்.

இராமேசுவரத்தில் பிறந்த மர்ஹூம் டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்கள் நாசாவில் பயிற்சி பெறச் சென்றபோது, வாலப்ஸ் தீவு ஏவுதளத்தின் வரவேற்புக் கூடத்தில் ராக்கெட் பாயும் போர்க்களக் காட்சி ஒன்றைக் கண்டார்கள். வீரர்கள் வெள்ளையர் அல்லர், திப்புவின் படையினர். இதனை 'அக்னிச் சிறகுகள்' நூலில் அவர்களே குறித்துள்ளார்கள். அப்பயிற்சியையடுத்து 1963 நவம்பர் 21ஆம் நாள் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் விண்ணேறியது.

மைசூர் ராக்கெட்டுகளின் தொழில்நுட்ப வரலாற்றை முறையாக ஆராய்ந்து 1985இல் அறிக்கையாக எழுதியவர், பெங்களூரைச் சேர்ந்த விமானவியல் அறிஞர் ரொத்தம் நரசிம்மா. அவரும் கலாம் அவர்களும் இணைந்து தொகுத்த, பாய்ம இயக்கவியலும் விண்வெளித் தொழில்நுட்பமும் பற்றிய ஆங்கில நூலை 1988இல் இந்திய அறிவியல் அகாதமி வெளியிட்டது. காங்கிரீவின் 1814ஆம் ஆண்டு நூலுக்கும் இதற்கும் இடையே 174 ஆண்டுகள்.

2018 ஜூலையில் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டம் நகரா எனும் ஊரில், பாழ்பட்ட கிணறு ஒன்றைத் தூர்வாரிய தொல்லியல் துறையினர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ராக்கெட்டுகளைக் கண்டெடுத்தனர். அக்கால ராக்கெட்டுகளென அறியப்பட்ட அக்குழல்களில் மருந்துப் பொடி இன்னும் இருந்தது.