ஆம்ஸ்டர்டாம் சரக்கு விமான விபத்து: "தீ" என்றது எச்சரிக்கை, இறக்கையில் இயந்திரமே இல்லை

1992ஆம் ஆண்டு அக்டோபர் 4, ஞாயிற்றுக்கிழமை மாலை. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில், பைல்மர் பகதியின் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் மீது எல் அல் நிறுவனத்தின் போயிங் 747 சரக்கு விமானம் மோதி விழுந்தது. விமானத்தில் இருந்த நால்வரும் குடியிருப்பில் இருந்த 39 பேருமாக மொத்தம் 43 பேர் உயிரிழந்தனர்.

13 நிமிடப் பயணம்

நியூயார்க்கிலிருந்து வந்த அந்த விமானம், மாலை 6.22 மணிக்கு ஸ்கிபோல் விமான நிலையத்திலிருந்து இஸ்ரேலின் டெல் அவிவ் நகருக்குப் புறப்பட்டது. சில நிமிடங்களில், வலது இறக்கையின் உட்புறத்தில் இருந்த 3ஆம் இயந்திரம் கழன்றது. அது போகிற போக்கில் பக்கத்தில் இருந்த 4ஆம் இயந்திரத்தையும் இடித்துத் தள்ளியது. இறக்கையின் முன்விளிம்பு பெயர்ந்தது.

3ஆம் இயந்திரத்தில் தீ என்று விமானிகள் தரைக்கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிவித்தனர். பிறகு இரு இயந்திரங்களையும் இழந்துவிட்டதாகக் கூறினர். விமானத் துறையில் இயந்திரத்தை இழந்தோம் என்றால் அது செயலிழந்தது என்றே பொதுவாகப் பொருள்படும். இரண்டும் ஏரியில் விழுந்து கிடந்தது தரையில் இருந்த அதிகாரிகளுக்குத் தெரியாது. விமானி அறையிலிருந்து பார்த்தாலும் அந்த உட்புற இயந்திரம் கண்ணில் படாது.

வேகமாகப் பறந்தவரை விமானத்தை ஓரளவு கட்டுப்படுத்த முடிந்தது. தரையிறங்க வேகத்தைக் குறைத்தபோதோ, சேதமடைந்த வலது இறக்கையால் எடையைத் தாங்க முடியவில்லை. விமானம் வலப்பக்கம் கவிழ்ந்து, மாலை 6.35 மணிக்குக் குடியிருப்பின் மீது விழுந்தது.

காரணம் ஒரு சிறு ஆணி

இயந்திரத்தை இறக்கையோடு பிணைக்கும் ஃபியூஸ் பின் எனப்படும் உலோக ஆணியில் ஏற்பட்ட விரிசலே விபத்தின் தொடக்கம் என விசாரணை முடிவு செய்தது. வீட்டு மின்சார ஃபியூஸ் போலவே இதற்கும் ஒரு பாதுகாப்பு நோக்கம் உண்டு. அளவுக்கு மீறிய விசை தாக்கினால் ஆணி முறிந்து, இறக்கையைக் கிழிக்காமல் இயந்திரம் தனியே கழன்றுவிட வேண்டும். இங்கோ, உலோகச் சோர்வால் பலவீனமடைந்த ஆணி சாதாரணப் பயணத்திலேயே முறிந்தது.

இதற்கு ஓர் ஆண்டுக்குள், 1991 டிசம்பர் 29ஆம் தேதி, தைவானில் சைனா ஏர்லைன்ஸ் சரக்கு விமானம் ஒன்றும் இதேபோல் 3, 4ஆம் இயந்திரங்களை இழந்து விழுந்தது. அதில் பணியாளர்கள் ஐவரும் மாண்டனர். அதுவும் போயிங் 747தான். ஆம்ஸ்டர்டாம் விபத்துக்குப் பிறகே இந்த ரக விமானங்களில் இயந்திரம் பொருத்தப்படும் முறை மாற்றி வலுப்படுத்தப்பட்டது.

கணக்கில் வராத குடியிருப்பாளர்கள்

பைல்மரில் சூரினாம், கரிபியத் தீவுகள், கானா ஆகிய இடங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் நிறைய பேர் வாழ்ந்தனர். அவர்களில் பலரிடம் பெர்மிட் இல்லை. பதிவேட்டில் பெயர் இல்லாதவர் இறந்தாரா, தப்பினாரா என்று யாரைக் கேட்பது? முதலில் 200க்கும் மேற்பட்டோர் இறந்திருக்கலாம் என அஞ்சப்பட்டது. அந்த வீடுகளில் வசித்ததை நிரூபிக்கும் பெர்மிட் இல்லாதவர்களுக்கு, நாட்டில் தங்கும் உரிமை தர அரசாங்கம் முன்வந்தது.

துயரம் அதோடு முடியவில்லை. மீட்புப் பணியாளர்களும் குடியிருப்பாளர்களும் பல ஆண்டுகள் உடல்நலக் குறைவுகளைச் சொல்லி வந்தனர். சரின் நச்சு வாயு தயாரிக்கவும் பயன்படக்கூடிய ரசாயனம் ஒன்று அவ்விமானத்தில் இருந்தது 1998இல்தான் வெளியே தெரிந்தது. சரக்கு பற்றிய உண்மை ஏன் இவ்வளவு தாமதமானது என்பதை நாடாளுமன்றக் குழு விசாரித்து, 1999இல் அறிக்கை அளித்தது.

விபத்து நடந்த இடத்தில் தப்பி நின்ற மரத்தை, "எல்லாவற்றையும் பார்த்த மரம்" என்று மக்கள் அழைக்கின்றனர். ஆண்டுதோறும் அக்டோபர் 4ஆம் தேதி, மாண்டவர்களின் குடும்பத்தினர் அந்த நினைவிடத்தில் கூடி அஞ்சலி செலுத்துகின்றனர்.