நாட்டோடு மறைந்த கார்

அமெரிக்க நாட்டுச் சாலைகளில் ஒரு காலத்தில் பல்லாயிரமாய் ஓடிய ‘யூகோ’ என்னும் சிறிய காரை இன்று காண்பது மிக அரிது. பழைய கார்களைப் பேணும் ஆர்வலர் சிலரிடமே அது எஞ்சியுள்ளது. “தரம் கெட்ட வண்டி, அதனால் ஒழிந்தது” என்று பலரும் எள்ளி நகைத்து முடித்துவிடுகின்றனர். வரலாறு கூறுவதோ வேறு.

யூகோஸ்லாவியாவின் கிராகுயெவாட்ஸ் நகரில் 1853-இல் பீரங்கி வார்க்கத் தொடங்கிய ஆலையே பிற்காலத்தில் ‘ஸாஸ்தவா’ கார்த் தொழிற்சாலையாக வளர்ந்தது. இத்தாலியின் ஃபியட் நிறுவனத்திடம் உரிமம் பெற்றுக் கார் செய்யக் கற்ற அவ்வாலை, 1980-இல் யூகோவின் உற்பத்தியைத் தொடங்கியது. மால்கம் பிரிக்லின் என்னும் வணிகர் 1985-இல் அதனை அமெரிக்காவில் இறக்கினார். விலை 3,990 டாலர். அன்று அந்நாட்டில் விற்ற புதிய கார்களுள் அதுவே மிக மலிவு. 1987-இல் மட்டும் 48,000-க்கு மேல் விற்பனையாயின.

அந்த மலிவே அதற்கு வினையாயிற்று. வேலைப்பாட்டில் குறைகள் இருந்ததை நாம் மறுப்பதற்கில்லை. எனினும், எஞ்சினின் டைமிங் பெல்ட்டைக் குறித்த தூரத்தில் மாற்றாவிடில் அது அறுந்து எஞ்சினையே கெடுத்துவிடும். மலிவாய் வாங்கியவருட் பலர் இதனைப் பொருட்படுத்தவில்லை. பழுது பார்க்கும் செலவு வண்டியின் மதிப்பை மிஞ்சியதும், அது காயலான் கடைக்குப் போயிற்று.

அடுத்து, நாடே உடைந்தது. யூகோவின் உறுப்புகள் யூகோஸ்லாவியக் குடியரசுகள் பலவற்றிலிருந்தும் வந்து சேர்ந்தவை. 1991-இல் அவை பிரிந்து போரிடத் தொடங்கின. 1992 மே மாதத்தில் ஐக்கிய நாடுகள் சபை பொருளாதாரத் தடை விதித்தது. அமெரிக்க விற்பனையும் அவ்வாண்டோடு நின்றது. 1999-இல் நேட்டோ விமானங்கள் அவ்வாலையின் மீதே குண்டு வீசின. தட்டுத் தடுமாறி நடந்த உற்பத்தி 2008 நவம்பரில் முடிவுற்றது.

இங்கே நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. அமெரிக்காவில் விரைந்து மறைந்த அதே யூகோ, செர்பியாவில் உற்பத்தி நின்ற பின்னரும் பல்லாண்டுகள் ஓடியது. அங்கே அதன் நுட்பம் அறிந்த மெக்கானிக்குகள் இருந்தனர். உதிரி உறுப்புகளும் கிடைத்தன. குறை இரண்டிடத்தும் ஒன்றே. ஆயுள் மட்டும் வேறாயிற்று. ஆகவே, கடல் கடந்து வரும் எந்திரத்தை வாங்குவோர் விலையைக் கேட்பதோடு நில்லாமல், அதைப் பழுது பார்க்கும் கை அருகே உண்டா என்றும் கேட்டறிதல் வேண்டும்.