பசுபதி நாட்டின் தன்னரசு

தன்வயத்தனாதல் இறைவனுடைய எண்குணங்களுள் முதற்கண் வைத்து எண்ணப்படுவது. உயிர்கட்கும், உயிர்கள் கூடியமைக்கும் அரசுகட்கும் உள்ள தன்வயமோ பிறிதொன்றைச் சார்ந்தே நிற்பது. அச்சார்பினை எத்துணைச் சுருக்கிக்கொள்ளலாம் என்பதே சிறு நாடுகளின் இடையறாக் கவலை. பசுபதிநாதர் கோயில்கொண்ட நேபாளத்தின் வரலாறு அதனை நன்கு காட்டும்.

கூர்க்கா நாட்டு மன்னராகிய பிருதிவி நாராயண ஷா 1768, 1769-ஆம் ஆண்டுகளிற் காட்மாண்டுப் பள்ளத்தாக்கின் மூன்று அரசுகளையும் கைக்கொண்டார். வடக்கே சீனப் பேரரசும் தெற்கே கிழக்கிந்தியக் கும்பினியும் நிற்க, தம் நாட்டினை இரு பாறைகட்கு இடைப்பட்ட கிழங்கிற்கு அவர் ஒப்பிட்டார் என்பர். உவமை பொய்க்கவில்லை. 1792-ஆம் ஆண்டில் வடபாறை நெருக்கிற்று. சீனப்படை காட்மாண்டுவை அணுகவே, ஐந்தாண்டுக்கொருமுறை பீகிங்கிற்குத் தூதுவிட நேபாளம் இசைந்தது.

தென்பாறையின் நெருக்கம் இதனினும் கொடிது. 1814-ஆம் ஆண்டில் மூண்ட போரில், டேராடூனை அடுத்த நாலாபாணிக் கோட்டையைப் பலபத்திர குன்வர் ஏறக்குறைய 600 பேருடன் ஒரு திங்கள் காத்தார். அவருட் பெண்டிரும் சிறாரும் இருந்தனர். கும்பினிச் சேனாபதி கில்லெஸ்பி ஆங்கே மாண்டார். கோட்டை வலியாற் பணிந்ததன்று. குடிநீர் தடுக்கப்பட்டமையாலேயே, எஞ்சிய சிலர் அதனை விட்டு வெளியேறினர். ஆங்கிலேயர் தம்மவர்க்குக் கல் நாட்டியபோது பலபத்திரருக்கும் அருகே ஒன்று நாட்டினர். பகைவன் வீரத்திற்குப் பகைவர் கல் நாட்டுதல் அரிதேயன்றோ?

1816-ஆம் ஆண்டில் உறுதிபெற்ற சுகௌலி உடன்படிக்கையால் நேபாளம் தன் நிலத்தில் மூன்றிலொரு பங்கு இழந்தது. காட்மாண்டுவில் ஆங்கில ரெசிடெண்டு ஒருவர் உறையவும் இசைந்தது. பிற சமத்தானங்களில் ரெசிடெண்டே அரசராகிய காலம் அது. நேபாளத்தார் அவரை ஏற்றனர். ஆயினும் பள்ளத்தாக்கினை விட்டு அகல விடவில்லை. மலையடிக் காட்டில் நல்வழி அமைக்காது விட்டனர். அக்காட்டின் நச்சுச்சுரம் அவர்க்கு ஊதியமில்லாக் காவற்படையாயிற்று. அயலார்க்கு அடைத்த அவ்வாயில் சிவராத்திரியில் மட்டும் பாரதநாட்டு அடியார்க்குத் திறந்தது. பசுபதிநாதரைப் பூசிக்கும் பட்டர்களும் தென்னாட்டுக் கன்னட நிலத்தினின்று வருவோரே.

அடைத்த கதவுக்கு விலையும் உண்டு. 1846 முதல் 1951 வரை ஆட்சியைத் தம் குடிவழியிற் பூட்டிய இராணாக்கள் அயலாரை விலக்கியதனோடு தம் குடிகளின் கல்வியையும் விலக்கினர்; அவர் காத்தது நாட்டையோ தம் குடியையோ என்று பிரித்தறிதல் எளிதன்று. 1857-ஆம் ஆண்டில் சங்க பகதூர் ஆங்கிலேயர்க்குப் படைத்துணை புரிந்தார்; இழந்த மேற்றிசைத் தராய் நிலம் 1860-இல் மீண்டது. முதல் உலகப்போரிலும் கூர்க்கா வீரர் பல்லாயிரவர் தமதல்லாத வழக்கிற்காகப் பிற கண்டங்களிற் பொருதனர். 1923-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் நேபாளத்தின் அகப்புறச் சுதந்தரத்தை ஆங்கிலேயர் எழுத்தில் ஒப்பினர். எழுத்தில் வந்தது அது. அதன் விலை மலையூர்த் தாயர் வயிற்றினின்று கொடுக்கப்பட்டது.

1947-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் பாரதநாட்டை விட்டகன்றபோது கூர்க்காப் படைவகுப்புகள் பத்தாக இருந்தன. நேபாளம் உடன்பட, அவற்றுள் ஆறு இந்தியாவிற்கும் நான்கு ஆங்கிலேயர்க்கும் பங்கிடப்பட்டன.