மொஸ்கோ வழியாக ஒரு மலிவுச் சீட்டு

கொழும்பிலிருந்து ஐரோப்பாவுக்குச் செல்ல விரும்பும் ஒருவர் இன்று கைத்தொலைபேசியைத் திறந்து, பத்து விமான நிறுவனங்களின் கட்டணங்களைப் பத்து நிமிடத்தில் ஒப்பிட்டுப் பார்த்துவிடுகிறார். செவ்வாய்க்கிழமை புறப்பட்டால் எவ்வளவு, டோகாவில் ஆறு மணித்தியாலம் காத்திருந்தால் எவ்வளவு குறையும் என்றெல்லாம் கணக்குப் போடுகிறார். ஒரு காலத்தில் இத்தகைய ஒப்பீட்டுக்கே இடமிருக்கவில்லை என்று சொன்னால் இளைய தலைமுறையினர் நம்பத் தயங்குவர். ஒரே பாதையில் எந்த நிறுவனத்தின் விமானத்தில் ஏறினாலும் கட்டணம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது.

அதற்குக் காரணம் ஐயாட்டா எனப்படும் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம். 1945 இல் கியூபாவின் ஹவானா நகரில் உருவான இச்சங்கத்தின் மாநாடுகளிலே விமான நிறுவனங்கள் கூடியிருந்து கட்டணங்களைத் தீர்மானித்தன. தீர்மானம் ஏகமனதாக இருத்தல் வேண்டும். பின்னர் அரசாங்கங்கள் அதனை அங்கீகரிக்கும். எரிபொருளுக்கு என்ன செலவு, எத்தனை ஆசனங்கள் வெறுமையாகப் பறக்கின்றன என்பவை பயணிக்குத் தொடர்பற்ற விடயங்கள். விலையில் போட்டியிட முடியாத நிறுவனங்கள் உணவிலே போட்டியிட்டன. அதற்கும் கட்டுப்பாடு வந்தது. 1958 இல் அத்திலாந்திக் பாதையில் சிக்கன வகுப்புப் பயணிகளுக்குச் சான்ட்விச் மாத்திரமே வழங்கலாம் என்று விதித்தார்கள். ஸ்கண்டிநேவிய விமான நிறுவனமோ இறைச்சியும் மீனும் குவித்த ஆடம்பரமான சான்ட்விச்சை வழங்க, பான் அமெரிக்கன் முறையிட்டது. ஸ்கண்டிநேவியருக்கு 20,000 டொலர் அபராதம். சான்ட்விச் என்றால் என்ன என்று பெரிய மனிதர்கள் கூடியிருந்து விவாதித்த கதை இது.

இவ்வாறு காக்கப்பட்ட கட்டணங்கள் எம்மவருக்கு எட்டாக்கனியாகவே இருந்தன. அறுபதுகளிலும் இங்கிலாந்துக்குப் படிக்கச் சென்றவர்களில் பலர் கொழும்புத் துறைமுகத்திலேதான் விடைபெற்றார்கள். 1967 யூனில் சுயஸ் கால்வாய் மூடப்பட்டு, 1975 யூன் வரை திறக்கப்படாதிருந்த எட்டாண்டுகளில் கப்பல்கள் ஆபிரிக்காவைச் சுற்ற வேண்டியதாயிற்று. கப்பல் பயணத்தின் கதையும் அத்தோடு முடிவுக்கு வந்தது. விமானம் ஏறுவதற்கோ பணமிருந்தால் மாத்திரம் போதாது. அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு கழுத்தை இறுக்கியிருந்தது. 1977 இல் ஜே.ஆர். ஜயவர்த்தன அரசு பதவியேற்றுப் பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட பின்னரே அந்தக் கதவு சற்று அகன்றது.

அதே ஆண்டில் மேற்கிலும் ஒரு சுவர் இடிந்தது. பிரெடி லேக்கர் என்ற ஆங்கிலேயர், 1971 இல் விண்ணப்பித்து ஆறு ஆண்டுகள் அரசாங்கங்களோடும் நீதிமன்றங்களிலும் போராடிய பின்னர், 1977 செப்ரெம்பர் 26 ஆம் திகதி லண்டன் கற்விக்கிலிருந்து நியூயோர்க்குக்குத் தமது ‘ஸ்கைட்ரெயின்’ சேவையை ஆரம்பித்தார். ஒருவழிக் கட்டணம் 59 பவுண். முன்பதிவு கிடையாது, வரிசையில் நின்று சீட்டு வாங்க வேண்டும். லேக்கரின் நிறுவனம் 1982 பெப்ரவரியில் முறிந்துபோனது. ஆனால் அதற்குள் 1978 இல் அமெரிக்கா உள்நாட்டுக் கட்டணக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டது. 1979 இல் ஐயாட்டாவே கட்டண மாநாடுகளில் பங்குபற்றுவதை உறுப்பினரின் விருப்பத்துக்கு விட்டது. ஆசனம் நிரம்பாத நிறுவனங்கள் சீட்டுகளைச் சில முகவர்களிடம் இரகசியமாகக் குறைந்த விலைக்குத் தள்ளிவிட, அவர்கள் மாடிப்படி ஏறிச் செல்லும் சிறு அறைகளில் இருந்து அவற்றை விற்றார்கள்.

அத்தகைய அறைகளில் மிகுதியாக அடிபட்ட பெயர்களுள் ஒன்று சோவியத் யூனியனின் ஏரோபுளொட். அது 1989 வரை ஐயாட்டாவில் சேரவேயில்லை. விமானம் அரசாங்கத்தினது; ஊழியர்களின் சம்பளம் ரூபிளில்; விமானங்களும் அந்நாட்டிலேயே செய்யப்பட்டவை. மொஸ்கோவுக்குத் தேவைப்பட்டது டொலரும் பவுணும். ஆகவே மொஸ்கோவில் இறங்கி, மணிக்கணக்காகக் காத்திருந்து, இன்னொரு விமானத்தில் ஏறச் சம்மதிப்பவருக்குக் கட்டணம் குறைந்தது. எமது நாட்டில் ஏரோபுளொட் அதற்கு முன்னரே அறிமுகமான பெயர். மொஸ்கோ லுமும்பா பல்கலைக்கழகத்துக்குப் புலமைப்பரிசில் பெற்றுச் சென்ற இடதுசாரிக் குடும்பத்துப் பிள்ளைகள் அதிலேதான் பறந்தார்கள்.

1983 யூலைக்குப் பின்னர் இந்த மலிவுச் சீட்டு வேறொரு பொருளைப் பெற்றது. கொழும்பில் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. வெலிக்கடைச் சிறையில் கைதிகள் கொல்லப்பட்டனர். வடக்கிலே இளைஞனாக இருப்பதே குற்றமாயிற்று. வெளியேற வேண்டும் என்ற எண்ணம் ஒவ்வொரு வீட்டிலும் நுழைந்தது. காணி ஈடு வைக்கப்பட்டது. தாலிக்கொடி அடகுக்குப் போனது. மாதந்தோறும் கட்டிய சீட்டைக் கழித்து எடுத்துப் பிள்ளைக்கு விமானச் சீட்டு வாங்கிய தாய்மாரை நான் அறிவேன். இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல்லாக அமைந்தது தற்செயல்தான்.

எங்கே போவது? மேற்கு ஜேர்மனி 1980 இலேயே இலங்கையருக்கு விசா விதித்துவிட்டது. ஆனால் உலக வரைபடத்தில் ஒரு விசித்திரமான ஓட்டை இருந்தது. அதன் பெயர் பேர்லின். கிழக்கு ஜேர்மனியின் ஷோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கும் பயணிக்கு இடைவழி விசா எளிதாகக் கிடைத்தது. அங்கிருந்து நகருக்குள் வந்து, பிரீட்ரிக்ஸ்ட்ராஸ நிலையத்தில் கிழக்கு ஜேர்மன் அதிகாரிகளைக் கடந்து தொடருந்தில் ஏறினால், சில நிமிடங்களில் மேற்கு பேர்லின். அந்தப் பக்கத்தில் கடவுச்சீட்டைப் பார்க்க எவரும் நிற்கவில்லை. பேர்லினைப் பிரிக்கும் கோட்டை ஒரு நாட்டு எல்லையாக மேற்கு வல்லரசுகள் ஏற்றுக்கொள்ளவில்லை. எல்லை இல்லையெனின் எல்லைச் சோதனை எப்படி இருக்கும்? மதில் கட்டியவர் கிழக்கர், வாசலைத் திறந்து வைத்தவர் மேற்கர். அந்த வாசலால் எமது இளைஞர்கள் நுழைந்தார்கள். உள்ளே போனதும், அரசியற் காரணங்களுக்காகத் துன்புறுத்தப்படுவோருக்குத் தஞ்சம் உண்டு என்ற மேற்கு ஜேர்மன் அரசியலமைப்பின் 16 ஆம் உறுப்புரை அவர்களைக் காத்தது.

ஆங்கிலம் அரைகுறை, ஜேர்மன் மொழி அறவே தெரியாது, குளிராடை இரவல். இப்படி வந்தவர்கள் கையில் இருந்த ஏரோபுளொட் அல்லது இன்ரர்புளுக் சீட்டு அவர்களது குடும்பத்தின் முழு ஆஸ்தி. இதனைக் கிழக்கு ஜேர்மனியின் மனிதாபிமானம் என்று எவரும் மயங்க வேண்டியதில்லை. விமான வருவாய் அவர்களுக்குத் தேவை. பொன் அரசாங்கத்துக்குத் தலையிடி கொடுப்பதும் அவர்களுக்கு உவப்பு. 1985 இல் மேற்கு ஜேர்மனியில் தஞ்சம் கோரியவர்கள் 73,000 பேருக்கு மேல். அவர்களுள் ஏறத்தாழ 17,000 பேர் இலங்கையர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்.

அந்த ஆண்டின் நடுப்பகுதியிலேயே வாசல் அடைக்கப்பட்டது. இரு ஜேர்மனிகளுக்கும் இடையிலான வணிகத்தில் ‘சுவிங்’ எனப்படும் வட்டியில்லாக் கடன் வசதி ஒன்று இருந்தது. 600 மில்லியனாகக் குறைக்கப்பட்டிருந்த அதன் எல்லையை மீண்டும் 850 மில்லியனாக உயர்த்தப் பொன் இணங்கியது. அதே பேச்சுகளின் பக்கத்திலே, தாம் செல்லும் நாட்டின் விசா இல்லாத இலங்கையருக்கு இடைவழி விசா கொடுப்பதில்லை என்று கிழக்கு பேர்லின் இணங்கியது. யாழ்ப்பாணத்து இளைஞனின் பயணம் எங்கோ ஒரு கணக்குப் புத்தகத்தில் கடனுக்கு எதிராக வைக்கப்பட்டது என்பதை அக்காலத்தில் எம்மில் எத்தனை பேர் அறிந்திருந்தோம்? பின்னர் ஏனைய நாட்டவருக்கும் 1986 இல் அதே வழி மூடப்பட்டது.

1985 மே மாதத்தில் பிரித்தானியாவும் இலங்கையருக்கு விசா விதித்தது. பொதுநலவாய நாடொன்றின் மீது அது விதித்த முதலாவது விசா கட்டுப்பாடு இதுவே. 1987 பெப்ரவரியில் ஹீத்ரோவில் திருப்பி அனுப்பப்படவிருந்த தமிழர்கள் விமானத்தின் அருகே தமது ஆடைகளைக் களைந்து போராடிய செய்தியும் படமும் உலகெங்கும் பரவின. அவ்வாண்டிலேயே, உரிய ஆவணமில்லாத பயணியை ஏற்றி வரும் விமான நிறுவனத்துக்கு ஆளுக்கு 1,000 பவுண் அபராதம் விதிக்கும் சட்டம் லண்டனில் நிறைவேறியது. என் கணிப்பில் இதுவே பெரிய திருப்பம். அதுவரை சீட்டின் விலையே ஏழை நாட்டவரைத் தடுத்த வேலியாக இருந்தது. விலை வீழ்ந்ததும் அவ்வேலையை விசா பொறுப்பேற்றது. குடிவரவு அதிகாரியின் மேசை ஹீத்ரோவிலிருந்து கட்டுநாயக்காவின் பயணப்பொதி நிறுக்கும் கருமபீடத்துக்கு நகர்ந்தது. விமானக் கம்பனியின் எழுத்தாளரே கடவுச்சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலானார்.

அதன் பின்னர் மலிவுப் பாதை என்ற பேச்சே இல்லாமற் போய், ‘ஏஜென்சி’ என்ற சொல் யாழ்ப்பாணத் தமிழில் நிலைகொண்டது. விமானக் கட்டணம் குறைந்துகொண்டே போக, ஆளை அனுப்பும் தரகரின் கட்டணம் அதன் பல மடங்காக ஏறியது. மேற்கு ஜேர்மனிவரை வந்தவர்களிலே 155 பேர் 1986 இல் கப்பலேறி, அத்திலாந்திக்கில் உயிர்காப்புப் படகுகளில் இறக்கிவிடப்பட்டு, ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்து மீனவர்களால் மீட்கப்பட்டார்கள். ஆபிரிக்க நகரங்களில் மாதக்கணக்காகக் கிடந்தவர்களும், கிழக்கு ஐரோப்பியக் காடுகளில் பனியில் நடந்தவர்களும் வேறு.

எண்பதுகளில் அவ்வாறு போய்ச் சேர்ந்தவர்களுள் சிலர் பாரிஸ் லாச்சப்பலிலும், லண்டனிலும், ரொறன்ரோ ஸ்காபரோவிலும் பயண முகவர் நிலையங்களைத் திறந்தார்கள். மளிகைக் கடைக்குப் பக்கத்தில், சாமிப்படத்துக்குக் கீழே, ‘கொழும்பு மலிவு விலை’ என்று கையால் எழுதிய தாள் தொங்கும். வாடிக்கையாளரின் குடியுரிமை என்ன, எந்த நாட்டு வழியாகப் போனால் இடைவழி விசா தேவைப்படாது என்பதை அவர்கள் கணினியைப் பார்க்காமலே சொல்வார்கள். இணையம் வந்து அவ்வியாபாரத்தைப் பெரிதும் குறைத்துவிட்ட போதிலும், நல்லூர்த் திருவிழாவும் ஐரோப்பியப் பாடசாலை விடுமுறையும் ஒன்றாக வரும் யூலை, ஓகஸ்ட் மாதங்களில் கட்டணம் எகிறும்போது, வயதானவர்கள் இன்னும் அவர்களுக்குத்தான் முதலில் தொலைபேசி எடுக்கிறார்கள்.