கழுகுமலையும் ரெண்டு ஜமீனும்

பங்குனி உத்திரத்துக்குக் கழுகுமலை போயிருந்தேன். கோவில்பட்டியில சங்கரன்கோவில் பஸ்ஸைப் பிடிச்சா, ரெண்டு பக்கமும் கரிசல் காடு, அப்புறம் தூரத்துல மலை. தேரடி பக்கம் டீ குடிச்சிக்கிட்டு நிக்கிறேன், ஒரு காவடி வருது. கூடவே காவடிச்சிந்து. பக்கத்தில் நின்ற பெரியவரிடம் சும்மா கேட்டேன்.

"இது யார் பாட்டு அண்ணாச்சி?"

"நம்ம ரெட்டியார் பாட்டுல்லா தம்பி! ராசா காவடி எடுத்தாரு, ரெட்டியார் கூடவே பாடிக்கிட்டு வந்தாரு."

"எந்த ராசா?"

"அது... யாரோ ஒரு ராசா."

அந்த 'யாரோ' தான் என்னை இந்தப் பதிவை எழுத வைத்தது. காசு கொடுத்தவர் பேர் மறந்துவிட்டது, பாடினவர் பேர் நிற்கிறது!

அந்த ராசா ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர். ஜமீனின் தலைமையிடம் வீரகேரளம்புதூர். தமிழ்ப் புலவர்களைத் தேடிப் பிடித்து ஆதரித்தவர். உ.வே.சாமிநாதையரே அவரைப் பற்றி மரியாதையாக எழுதி வைத்திருக்கிறார். ரெட்டியார் என்பது சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார். சங்கரன்கோவில் பக்கத்து ஊர்க்காரர். திருவாவடுதுறை மடத்தில் கொஞ்ச காலம் படித்துவிட்டு ஊற்றுமலை அரண்மனைக்கு வந்து சேர்ந்தார். முப்பது வயது ஆவதற்குள் போய்ச் சேர்ந்தும் விட்டார். எல்லாம் 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நடந்தது.

ஜமீன்தார் கழுகுமலைக்குக் காவடி எடுத்தபோது வழிநடைப் பாட்டாகச் சிந்து பாடினார் என்று சொல்வார்கள். கோவில், நகர் வளம், முருகனை நினைத்து ஏங்கும் பெண் என்று எல்லாம் அதில் உண்டு. சங்கரன்கோவில் திரிபந்தாதி மாதிரி பண்டிதர்கள் மெச்சுகிற நூல்களும் செய்திருக்கிறார். ஆனால் அதையெல்லாம் இன்றைக்குத் தமிழ் வாத்தியார்கள்கூடப் புரட்டுவது அபூர்வம். நடக்கிறவன் காலுக்கு ஏற்ற மாதிரி கட்டின சிந்துதான் தெருவில் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. கழுகுமலை ஊற்றுமலை ஜமீன் ஊரே கிடையாது. அது எட்டயபுரம் ஜமீனைச் சேர்ந்தது. அந்த அரண்மனையும் லேசுப்பட்டது இல்லை. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அங்கே அவைப் புலவர். முத்துசாமி தீட்சிதர் 1835-ல் காலமானது அந்த ஊரில். அவர் வம்சத்து சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினியை 1904-ல் அச்சுப் போட்டுக் கொடுத்ததும் அந்த சமஸ்தானம்தான்.

அதே எட்டயபுரத்தில் 1882-ல் பிறந்தவர் பாரதி. சின்னப் பையனாக இருந்தபோதே 'பாரதி' பட்டம் கிடைத்ததும் அங்கேதான். அப்பா சின்னசாமி அய்யர் ஜமீனைச் சார்ந்து இருந்தவர், பஞ்சாலை வைத்து நொடித்துப் போனவர். படிப்புக்கு உதவி கேட்டுப் பையன் 1897-ல் ராஜாவுக்குப் பாட்டாகவே விண்ணப்பம் எழுதினான். பிறகு காசிக்குப் போய்த் திரும்பி வந்து, கொஞ்ச நாள் அரண்மனை வேலை பார்த்தார். பிடிக்கவில்லை, 1904-ல் கிளம்பிவிட்டார்.

என்னை உலுக்குவது அதற்குப் பிறகு நடந்தது. 1918 கடைசியில் புதுச்சேரியை விட்டு வந்தவரைக் கடலூர் பக்கம் பிடித்து உள்ளே போட்டு, பிறகு விட்டார்கள். மனைவி ஊரான கடையத்தில் வந்து இருந்தார். கையில் காசில்லை. 1919 மே மாதம் எட்டயபுரம் ராஜாவுக்குச் சீட்டுக்கவி எழுதுகிறார். பேரிகை, சால்வை, பொற்பை, பல்லக்கு என்று பழைய புலவர்கள் கேட்கிற மாதிரியே கேட்கிறார். அதில் கெஞ்சல் இல்லை. தான் யார் என்பதைக் கூச்சமில்லாமல் சொல்லிவிட்டுத்தான் கேட்கிறார். அரண்மனை அசையவில்லை. 1921-ல் பாரதி இறந்தார்.

சின்ன வயசுல இதைப் படிச்சப்போ ராஜா மேல அப்படி ஒரு கோபம் வந்தது. இப்போ யோசிச்சா அவ்வளவு சுலபமா தெரியலை. 1799-ல் கட்டபொம்மனுக்கு எதிராகக் கும்பினி பக்கம் நின்று பிழைத்த ஜமீன் அது. வெள்ளைக்காரன் தயவில்தான் பட்டம், நிலம் எல்லாம். 1911-ல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்ட பிறகு சுதேசிகள் எல்லோர் மேலும் போலீஸ் கண். ஜெயிலுக்குப் போய் வந்த கவிஞனுக்கு எந்த ஜமீன்தார் பல்லக்கு அனுப்புவார்? முருகனைப் பாடின ரெட்டியாரை ஆதரிப்பதில் மருதப்பத் தேவருக்கு எந்த ஆபத்தும் இல்லையே. ரெண்டு பேரையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமில்லை என்று தோன்றுகிறது.

இது நம்ம ஊர்க் கதை மட்டும் இல்லீங்க. பிரிட்டனில் வேல்ஸ் என்று ஒரு பகுதி. அங்கேயும் 14, 15-ம் நூற்றாண்டுகளில் கவிஞர்கள் பிரபுக்களின் வீடு வீடாகப் போய்ப் பாடிப் பிழைத்தார்கள். குதிரை வேணும், மேலங்கி வேணும் என்று கேட்பதற்கென்றே தனிப் பாட்டு வகை வைத்திருந்தார்கள். அச்சு அசல் நம்ம சீட்டுக்கவி! 1536-ல் வந்த சட்டம் கோர்ட்டு, உத்தியோகம் எல்லாவற்றுக்கும் ஆங்கிலம் என்று ஆக்கியது. போகப் போக பிரபுக்கள் ஆங்கிலத்தின் பக்கம் சாய்ந்தார்கள், கவிஞர்களுக்குக் கதவு மூடிக்கொண்டது. மேலே இருக்கிற எஜமான் மாறினால் கீழே கவிஞனின் சோறு போய்விடுகிறது.

ஆனால் பாட்டு போகவில்லை. சிந்து என்ற வடிவத்தை பாரதி எப்படிக் கையாண்டார் என்று உங்களுக்கே தெரியும். ஒரு அரண்மனை சோறு போட்டதால் பிரபலமான சிந்து, இன்னொரு அரண்மனை கைவிட்ட கவிஞன் கையில் நாட்டுப் பாட்டாக ஆனது. 1948 சட்டத்தோடு ஜமீன்களின் கதையும் முடிந்தது.

இருந்தாலும் மருதப்பத் தேவர் 'யாரோ ஒரு ராசா' ஆகிவிடக் கூடாது என்று நினைக்கிறேன். அவர் சோறு போடாமல் இருந்திருந்தால் அன்றைக்குத் தேரடியில் நான் கேட்ட பாட்டு ஏது? அந்தப் பெரியவரிடம் பேரைச் சொன்னேன். ரெண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"மருதப்பத் தேவரா... சரி, இனி யாரும் கேட்டா சொல்லுதேன் தம்பி."

உங்க ஊர்ப் பக்கமும் இப்படிப் பேர் மறந்து போன ராசாக்கள், புலவர்கள் இருப்பார்கள். எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.