கார்களில் அகல டயர்

காரைத் தயாரித்த நிறுவனம் பொருத்தித் தந்த அளவைவிட அகலமான டயரை மாட்டும் வழக்கம் இன்று பரவலாக உள்ளது. தொடக்கக் காலக் கார்களின் டயர்களோ மெலிந்தும் உயர்ந்தும் இருந்தன. 1908இல் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி காரின் முன் டயர் 3 அங்குல அகலமும், பின் டயர் மூன்றரை அங்குல அகலமுமே கொண்டவை. இன்றைய மோட்டார் சைக்கிள் டயரின் அளவுதான் அது.

அகலத்தைக் கூட்டினால் உயரமும் கூடியது. அக்கால டயர்களில் பக்கச்சுவரின் உயரம் ஏறத்தாழ டயரின் அகலத்துக்குச் சமம். உள்ளே இழைகள் சாய்வாக, ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிட்டுச் சென்றன. இதனால் வளைவில் பக்கச்சுவர் நெளியும்போது தரையைத் தொடும் பகுதியும் சேர்ந்து நெளிந்தது.

பிரான்சின் மிச்செலின் நிறுவனம் 1946இல் காப்புரிமை கோரி, 1949இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ரேடியல் டயர் இந்தச் சிக்கலை அவிழ்த்தது. அதில் இழைகள் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நேராகச் செல்கின்றன. அவற்றின்மேல் எஃகுக் கம்பிப் பட்டை சுற்றப்பட்டுள்ளது. பக்கச்சுவர் நெளிந்தாலும் அடிப்பரப்பு தட்டையாகவே நிற்கும். பக்கச்சுவரைக் குட்டையாக்கி அகலத்தைக் கூட்ட இதுவே வழிவிட்டது. 1970களில் இத்தாலியின் பிரெல்லி நிறுவனம் உருவாக்கிய பி7 டயரில் பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் பாதிதான். பந்தயத்தில் லான்சியா ஸ்ட்ராட்டோஸும், சாலையில் போர்ஷே 911 டர்போவும் அதைப் பயன்படுத்தின.

சாதாரணக் கார்களுக்கும் இது வந்ததற்கு ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ நல்ல சான்று. 1976இல் அதன் டயர் 175/70 ஆர்13. அதாவது 175 மி.மீ. அகலம், அதில் 70 விழுக்காடு பக்கச்சுவர் உயரம், 13 அங்குல ரிம். (ஒரே டயரில் ஓர் அளவு மில்லிமீட்டரிலும் இன்னொன்று அங்குலத்திலும் இருக்கும் விந்தை இன்றும் தொடர்கிறது.) 1983இல் வந்த பிரெல்லி சிறப்புப் பதிப்பில் அது 185/60 ஆர்14 ஆனது. அகலம் 10 மி.மீ. கூடியும், ரிம் பெரிதாகிப் பக்கச்சுவர் குறைந்ததால், மொத்த விட்டம் 575இலிருந்து 578 மி.மீ. ஆக மட்டுமே மாறியது. அதே 13 அங்குல ரிம்மில் 195/70 டயரை மாட்டியிருந்தால் விட்டம் 603 மி.மீ. ஆகியிருக்கும். முன்பு 100 கி.மீ. வேகத்தைச் சரியாகக் காட்டிய மானி, கார் ஏறத்தாழ 105இல் ஓடும்போதும் 100 என்றே காட்டும். திருப்பும்போது டயர் மட்கார்டில் உரசவும் கூடும்.

அகல டயர் தரையை அதிகப் பரப்பில் தொடுகிறது என்பது பலரின் நம்பிக்கை. சுமையும் காற்றழுத்தமும் மாறாவிட்டால் அந்தப் பரப்பு பெரிதாக மாறுவதில்லை. வடிவம்தான் நீளம் குறைந்து அகலமாகிறது. உலர்ந்த சாலையின் வளைவுகளில் இது பிடிமானம் தரும். தேங்கிய மழைநீரில் கதை வேறு: ஒதுக்க வேண்டிய நீர் அதிகம் என்பதால், குறைந்த வேகத்திலேயே டயர் நீரின்மேல் மிதக்கத் தொடங்கலாம். சுவீடனின் பனிச்சாலை ராலிப் பந்தயத்தில், மேற்பனியைக் கிழித்து அடியிலுள்ள உறைபனியைப் பற்றுவதற்காக, ஆணி பதித்த மெலிந்த டயர்களையே மாட்டுகிறார்கள்.